‘டைட்டானிக்’ படமும் வரலாற்று உண்மையும்

எங்கள் தோட்டப் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ‘என் மனத்தைக் கவர்ந்த திரைப்படம்’ என்னும் தலைப்பைக் கொடுத்து, அண்மையில் ஒரு கட்டுரை எழுதிவரச் சொன்னேன். வந்த பதினொரு ஏடுகளுள் பத்து, நம் தமிழ்ப் படங்களைப் பற்றியவை. பதினோராவது, ‘டைட்டானிக்’ படத்தைத் தொலைக்காட்சியில் தன் அக்காளோடு பார்த்த ஒரு மாணவனுடையது. அவன் நன்றாகவே எழுதியிருந்தான். நடுவில் ஓரிடத்தில், “மர்டாக் என்ற அதிகாரி பணக்காரரிடம் காசு வாங்கிக்கொண்டார். ஏழைப் பயனிகளைச் சுட்டுக் கொன்றார். பிறகு தம்மையும் சுட்டுக்கொண்டார்” என்று மூன்று வாக்கியங்கள் இருந்தன. ‘பயனிகள்’ என்பதைச் சிவப்பு மையால் வட்டமிட்டுப் ‘பயணிகள்’ என்று திருத்தினேன். அதற்குமேல் பேனா ஓடவில்லை. எழுத்துப் பிழையைத் திருத்தியாயிற்று. ஒரு மனிதர்மேல் விழுந்துவிட்ட கொலைப் பழியை என்ன செய்வது? மாணவன் கண்ணால் கண்டதைத்தான் எழுதினான். பிழை படத்தினுடையது.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில், வரலாற்றைப் படம் காட்டிக் கற்பித்தால் பிள்ளைகள் உள்ளத்தில் அது கல்லில் எழுத்துப்போல் பதியும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அஃது உண்மையே. உண்மையாய் இருப்பதால்தான் அச்சமும் உண்டாகிறது. நூறு பக்கம் படித்து மறந்துவிடும் பிள்ளை, மூன்று மணி நேரம் கண்ட காட்சியை மறப்பதில்லை. ஆகவே, அந்த ஏட்டை ஒருபுறம் வைத்துவிட்டு, இக்கப்பலைப் பற்றி விசாரணை மன்றங்களிலும் பிறவிடங்களிலும் பதிவான செய்திகளைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலானேன். கண்டவற்றுள் சிலவற்றை ஆசிரிய அன்பர்கள் முன் வைக்கிறேன்.

முதலில் கப்பலின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். பெல்பாஸ்ட் நகரில் கட்டப்பட்ட ‘டைட்டானிக்’ 46,328 டன் கொள்ளளவு உடையது. அந்நாளில் உலகில் அதைவிடப் பெரிய கப்பல் வேறில்லை. 1912 ஏப்ரல் 10ஆம் நாள் இங்கிலாந்தின் சவுதாம்டன் துறைமுகத்தை விட்டு நியூயார்க் நோக்கித் தன் முதற் பயணத்தைத் தொடங்கிற்று. ஏப்ரல் 14ஆம் நாள் இரவு 11.40 மணிக்குப் பனிமலையில் உராய்ந்தது. 2 மணி 40 நிமிடங்களில், விடியுமுன் 2.20 மணிக்குக் கடலுள் மறைந்தது. கப்பலில் இருந்தோர் ஏறக்குறைய 2,200 பேர். பிழைத்தோர் ஏறக்குறைய 700 பேர். உயிர்காப்புப் படகுகள் 20 இருந்தன. அவற்றில் 1,178 பேருக்கே இடம். பத்தாயிரம் டன்னுக்கு மேற்பட்ட கப்பல் எவ்வளவு பெரிதாயினும் 16 படகுகள் வைத்திருந்தால் போதும் என்பது 1894ஆம் ஆண்டின் பழஞ்சட்டம். சட்டம் கேட்டதற்கு மேலாகவே படகு இருந்தது; ஆட்களுக்குப் போதுமான படகு இல்லை.

இந்நிகழ்ச்சியைப் பற்றிப் பல படங்கள் வந்துள்ளன. அவற்றுள் 1997இல் ஜேம்ஸ் கேமரன் எடுத்த படமே இன்று உலகெங்கும் அறியப்பட்டது. அதற்கு 11 ஆஸ்கார் பரிசுகள் கிடைத்தன. அவர் சோம்பேறித்தனமாக எடுத்தார் என்று எவரும் கூற முடியாது. 1995இல் நீர்மூழ்கியில் கடலடிக்குச் சென்று, உடைந்து கிடக்கும் உண்மைக் கப்பலைப் படம் பிடித்து வந்தார். ஏறத்தாழ முழு அளவில் ஒரு கப்பலைக் கட்டினார். படிக்கட்டின் மரவேலை, உணவுத் தட்டு, கம்பளம் ஆகியவற்றைக்கூட அக்காலத்து மாதிரியிலேயே செய்வித்தார். பொருளில் இவ்வளவு கவனம் செலுத்தியவர் ஆளைப் பற்றிச் சொன்னதில் தவறினார் என்பதே என் முறையீடு.

ஆராய்ச்சியாளர் சிலர் இப்படத்தில் சிறுசிறு பிழைகளைத் தேடிக் கண்டுபிடித்து மகிழ்வர். கதைத் தலைவன் சிறுவயதில் விசோட்டா ஏரியில் மீன் பிடித்ததாகச் சொல்கிறான். அவ்வேரியோ ஆற்றை அணையால் தடுத்து உண்டாக்கப்பட்டது, கப்பல் மூழ்கிச் சில ஆண்டுகள் கழிந்தபின்பே உண்டாயிற்று. நியூயார்க் கலைக்கூடத்தில் இன்றும் தொங்கும் பிக்காசோவின் புகழ்பெற்ற ஓவியம் ஒன்று கதைத் தலைவியின் அறையில் இருக்கிறது. அப்படியாயின் அது கடலடியிலன்றோ கிடக்க வேண்டும்! கொலராடோவைச் சேர்ந்த பிரவுன் அம்மையாரை எல்லோரும் ‘மாலி’ என்று அழைக்கின்றனர். அவர் பெயர் மார்கரெட். ‘மாலி’ என்பது அவர் மறைந்த பின்னர் கதை எழுதுவோர் இட்ட பெயர். இவற்றால் எவருக்கும் கேடில்லை. கதைத் தலைவனும் தலைவியும் கற்பனைப் பாத்திரங்கள் என்பதும் குற்றமன்று. வரலாற்று நவீனம் எழுதுவோர் எல்லா நாட்டிலும் செய்துவருவதே அது.

சற்றுப் பெரிய செய்திக்கு வருவோம். மூன்றாம் வகுப்பு ஏழைப் பயணிகளைக் கூரைவரை உயர்ந்த இரும்புக் கம்பிக் கதவுகளுக்குப் பின்னால் பூட்டி வைத்துச் சாகவிட்டனர் என்று படம் காட்டுகிறது. இதில் உண்மையும் உண்டு, மிகையும் உண்டு. நோய் பரவாதிருக்க மூன்றாம் வகுப்பினரைத் தனியே பிரித்து வைக்க வேண்டும் என்பது அமெரிக்கக் குடிநுழைவுச் சட்டம். அதன் பொருட்டுக் கப்பலில் தடுப்புகள் இருந்தன. அவற்றுட் பல, திறந்த தளத்தில் இடுப்பளவு உயர்ந்த சிறு கதவுகளே. டேனியல் பக்லி என்னும் அயர்லாந்து இளைஞர் அமெரிக்க விசாரணையில் சாட்சி சொன்னார். மேலே ஏறி வந்த ஒருவரை மாலுமி ஒருவர் கீழே தள்ளிக் கதவைப் பூட்டினார் என்றும், பின்னர்ப் பயணிகள் அதை உடைத்துக்கொண்டு மேலே வந்தனர் என்றும் கூறினார். மற்றொரு பக்கம், ஜான் ஹார்ட் என்னும் மூன்றாம் வகுப்புப் பணியாள், பெண்களையும் பிள்ளைகளையும் இரண்டு முறை கூட்டமாக அழைத்துக்கொண்டு, வழி தெரியாத அக்கூடங்களினூடே படகுத் தளம்வரை கொண்டுவந்து சேர்த்தார். படத்தில் அவரைக் காணோம்.

பிரிட்டிஷ் விசாரணை மன்றத்தின் எண்களைப் பாருங்கள். முதல் வகுப்பில் பெண்கள் 144 பேர், பிழைத்தோர் 140. மூன்றாம் வகுப்பில் பெண்கள் 165 பேர், பிழைத்தோர் 76. அதே வகுப்பில் பிள்ளைகள் 79 பேர், பிழைத்தோர் 27. இந்த எண்களைக் கண்டபின் வகுப்பு வேற்றுமை இல்லை என்று சொல்ல எவருக்கும் நா எழாது. ஆனால் ஆண்களை மட்டும் எண்ணிப் பார்த்தால் வேறொரு செய்தி தெரிகிறது. முதல் வகுப்பு ஆண்கள் 175 பேரில் 57 பேர் பிழைத்தனர். மூன்றாம் வகுப்பில் 462 பேரில் 75 பேர். இரண்டாம் வகுப்பிலோ 168 பேரில் 14 பேர் மட்டுமே! ஆசிரியர், பாதிரியார், சிறு வணிகர் முதலான இடைநிலை மக்களே ஆண்களுள் மிகுதியாய் மாண்டனர். பணக்காரன் பிழைத்தான், ஏழை மடிந்தான் என்ற இரண்டே கட்டத்தில் கதையை அடைக்க விரும்பும் படத்தில் இரண்டாம் வகுப்பு என ஒன்று இருந்ததாகவே தெரிவதில்லை.

ஈண்டு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்பினர்மேல் வேற்றுமை காட்டப்படவில்லை என்று தீர்ப்பளித்த பிரிட்டிஷ் மன்றம், மூன்றாம் வகுப்புப் பயணி ஒருவரைக்கூடச் சாட்சிக்கு அழைக்கவில்லை. ஆதலின் மன்றத்தின் தீர்ப்பைக் கொண்டு மட்டும் படத்தைக் கண்டிப்பதும் முறையாகாது. கம்பிக் கதவு மிகை. அதன் பின்னால் இருந்த அழுகுரல் மிகையன்று.

படகுகள் இருபதில் ஒன்றே ஒன்றுதான் தண்ணீரில் தத்தளித்தோரைக் காக்கத் திரும்பியது என்று கிழவியான கதைத் தலைவி கூறுகிறாள். ஐந்தாம் அதிகாரி லோ, தம் படகிலிருந்தோரைப் பிற படகுகளுக்கு மாற்றிவிட்டுத் திரும்பிச் சென்றது உண்மை. 4ஆம் எண் படகும் அருகில் நின்று நீரிலிருந்து சிலரைத் தூக்கியது. அதனால் பிழைத்தோர் மிகச் சிலரே; எனினும் அப்படகில் துடுப்பு வலித்தவர்களுக்கும் பெயர் உண்டு அல்லவா?

இனி, கம்பெனித் தலைவர் புரூஸ் இஸ்மே. கப்பலை விரைந்து செலுத்தி நியூயார்க்கில் ஒருநாள் முன்னதாகச் சேர்த்தால் பத்திரிகைகளில் பெரிதாக வரும் என்று அவர் கப்பல் தலைவர் ஸ்மித்தைத் தூண்டுவதாகப் படத்தில் ஒரு காட்சி உண்டு. இது முழுக் கட்டுக்கதையன்று. அவ்விருவரும் கப்பலின் விரைவைப் பற்றிப் பேசியதைக் கேட்டதாக எலிசபெத் லைன்ஸ் என்னும் முதல் வகுப்புப் பயணி பின்னர் அமெரிக்க வழக்கொன்றில் வாக்குமூலம் தந்துள்ளார். ஆனால், அட்லாண்டிக்கைக் கடக்கும் விரைவில் உலக முதன்மை பெற இக்கப்பல் முயன்றது என்று பலர் நம்புவது தவறு. அம்முதன்மை ‘மௌரிட்டேனியா’ என்னும் கப்பலிடம் இருந்தது. அது மணிக்கு 26 கடல் மைல் செல்லும். மோதிய வேளையில் டைட்டானிக்கின் விரைவு 22 கடல் மைலுக்குச் சற்று மேல். ஓடும் குதிரையோடு காளை பந்தயம் கட்டுமா?

இப்பந்தயக் கதை எங்கு முழு உருவம் பெற்றது என்று தேடினால், இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜெர்மனிக்குப் போக வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தை இழிவுபடுத்தும் பொருட்டு நாஜி அரசின் பரப்புரைத் துறை 1943இல் ஒரு ‘டைட்டானிக்’ படத்தை வெளியிட்டது. அதில் இஸ்மே பங்குச் சந்தையில் கொள்ளை இலாபம் காணக் கப்பலை வெறிகொண்டு ஓட்டச் செய்கிறார். நேர்மையாளராய் எச்சரிக்கும் ஒரே ஒருவர் பீட்டர்சன் என்னும் ஜெர்மானிய முதல் அதிகாரி. அப்படி ஒருவர் அக்கப்பலில் இருந்ததே இல்லை! அப்படத்தின் இயக்குநர் ஹெர்பர்ட் செல்பின், படப்பிடிப்பின்போது ஜெர்மன் படைவீரரை இகழ்ந்து பேசியதற்காகச் சிறைப்பட்டார். 1942இல் சிறையறையில் இறந்து கிடந்தார். படம் முடிந்ததும், மூழ்கும் கப்பலின் கூக்குரல் குண்டுமழையில் இருக்கும் தம் மக்களையே கலங்க வைக்கும் என்றெண்ணி, அவ்வரசு ஜெர்மனிக்குள் அதைத் தடை செய்தது. படப்பிடிப்புக்கு உதவிய ‘காப் அர்கோனா’ என்னும் கப்பலின் முடிவு இதனினும் கொடிது. 1945 மே 3ஆம் நாள், வதைமுகாம் கைதிகள் ஆயிரக்கணக்கில் அடைக்கப்பட்டிருந்த அக்கப்பலைப் பிரிட்டிஷ் விமானங்கள், அவர்கள் உள்ளே இருப்பதறியாமல் தாக்கின. டைட்டானிக்கில் இறந்தோரைவிடப் பன்மடங்கு மிகுதியானோர் அன்று மாண்டனர். அவர்களைப் பற்றி எங்கள் மாணவன் பார்க்கத்தக்க படம் எதுவும் வரவில்லை.

1958இல் இங்கிலாந்தில் ஒரு படம் வந்தது. பிழைத்தோர் பலரை நேரில் கண்டு வால்டர் லார்டு 1955இல் எழுதிய நூலைத் தழுவியது. அதைத் தயாரித்த வில்லியம் மக்விட்டி, சிறுவயதில் பெல்பாஸ்ட்டில் அக்கப்பல் நீரில் இறக்கப்பட்டதைக் கண்ணாரக் கண்டவர். கப்பலின் நான்காம் அதிகாரியாயிருந்து பிழைத்த பாக்சால் அப்படத்திற்கு ஆலோசகராய் இருந்தார். இதைவிடத் தக்க துணை வேண்டுமா? எனினும், தொடக்கக் காட்சியில் கப்பலின்மேல் மதுப்புட்டியை உடைத்துப் பெயரிடுகின்றனர். அக்கம்பெனிக்கோ அந்த வழக்கமே இல்லை. நாஜிப் படத்திலிருந்து சில காட்சித் துண்டுகளையும் அப்படியே எடுத்துச் சேர்த்திருந்தனர் என்பது வியப்பான செய்தி.

அப்படத்தில் கப்பல் உடையாமல் முழுதாய் மூழ்குகிறது. இஃது அதை எடுத்தவர்கள் குற்றமன்று. 1912இல் விசாரணை மன்றங்கள் அவ்வாறே முடிவு கூறியிருந்தன. கப்பல் நடுவே இரண்டாக உடைந்ததைக் கண்டோம் என்று 17 வயதுச் சிறுவன் ஜாக் தேயர் உள்ளிட்ட பலர் சொன்னார்கள். இரண்டாம் அதிகாரி லைட்டோலர் உடையவில்லை என்றார். மன்றம் அதிகாரியின் சொல்லை ஏற்றது. 1985 செப்டம்பரில், ராபர்ட் பாலர்டும் ஜான் லூயி மிஷேலும் தலைமை தாங்கிய குழுவினர், ஏறக்குறைய 3,800 மீட்டர் ஆழத்தில் கப்பலைக் கண்டுபிடித்தனர். அது இரண்டு துண்டாய்க் கிடந்தது. கண்ணால் கண்டதைச் சொன்னவர்களின் சொல் மெய்யாக 73 ஆண்டுகள் ஆயின. தேயர் அதற்கு 40 ஆண்டுகள் முன்னரே இறந்துபோனார். கேமரனின் படம் கப்பல் உடைவதைக் காட்டியது. அந்த அளவில் அது வரலாற்றுக்குச் செய்த நன்மையை மறத்தல் ஆகாது.

1958 படத்தால் புண்பட்டவர் ஒருவர் உண்டு. அருகில் நின்றும் உதவிக்கு வராத ‘கலிபோர்னியன்’ என்ற கப்பலின் தலைவர் ஸ்டான்லி லார்டு. நூலாசிரியர் வால்டர் லார்டுக்கும் இவருக்கும் பெயரொற்றுமை தவிர உறவில்லை. டைட்டானிக் மேலே எறிந்த அடையாள வாணங்களைக் கலிபோர்னியனின் அதிகாரிகள் கண்டனர், கப்பல் நகரவில்லை. இரு நாட்டு விசாரணை மன்றங்களும் லார்டைக் குறை கூறின. 1958இல் முதியவராய் ஓய்வில் இருந்த அவர், தம்மைப் படம் சித்திரித்த வகையை அறிந்ததும், கப்பல் அதிகாரிகளின் சங்கத்தை நாடி நீதி கேட்டார். வழக்கு அவர் 1962இல் இறந்தபின்னும் ஓயவில்லை. 1992இல் பிரிட்டிஷ் அரசு அதனை மீண்டும் ஆராய்ந்தது. கலிபோர்னியன் முன்பு கருதியதைவிடத் தொலைவில் இருந்திருக்கலாம், ஆயினும் வாணங்களைக் கண்டபின் செய்யத்தக்கதைச் செய்யவில்லை என்று அறிக்கை கூறிற்று. அவர் குற்றவாளியோ அன்றோ, தமக்காகப் பேச அவருக்கு வாய் இருந்தது.

மர்டாக்குக்கு அந்த வாய்ப்பு இல்லை.

வில்லியம் மக்மாஸ்டர் மர்டாக், ஸ்காட்லாந்தின் டால்பீட்டி என்னும் சிற்றூரில் 1873இல் பிறந்தவர். கடலோடிகளின் குடும்பம். டைட்டானிக்கின் முதல் அதிகாரியாய், மோதல் நேர்ந்த வேளையில் கப்பலைச் செலுத்தும் மேடையில் பொறுப்பேற்று நின்றவர் அவரே. அப்போது வயது 39. பனிமலையைக் கண்டதும் சுக்கானைத் திருப்ப ஆணையிட்டார். நீர் புகாத கதவுகளை மூடினார். பிறகு வலப்பக்கத்துப் படகுகளை இறக்கும் பணி அவர்மேல் விழுந்தது. இடப்பக்கத்தில் லைட்டோலர், பெண்களும் பிள்ளைகளும் மட்டுமே என்று கண்டிப்பாய் நின்று, இடம் காலியாயிருந்தும் ஆண்களை ஏற்ற மறுத்தார். மர்டாக்கோ, அருகே பெண்கள் இல்லையாயின் ஆண்களையும் ஏற்றினார். அன்றிரவு பிழைத்த ஆண்கள் பலர் அவருடைய இந்த ஒரு தீர்மானத்தால் பிழைத்தவர்கள்.

அவரைக் குற்றமற்ற தெய்வமாக்க நான் முயலவில்லை. 40 பேர் ஏறத்தக்க 1ஆம் எண் படகு 12 பேரோடு இறக்கப்பட்டது அவர் மேற்பார்வையில்தான். அப்படகில் சென்ற செல்வர் காஸ்மோ டஃப் கார்டன், அதிலிருந்த மாலுமிகளுக்கு ஆளுக்கு 5 பவுன் கொடுத்தார். அது கையூட்டு என்று ஊரெல்லாம் பேசினார்கள். உடைமை இழந்த மாலுமிகளுக்குத் தந்த உதவி என்று அவர் கூறியதை மன்றம் ஏற்றது. படத்தில் வரும் கையூட்டுக் காட்சிக்கு விதை இதுவாக இருக்கலாம் என்று கருதுகிறேன். ஆனால் அந்த வதந்தியில்கூட மர்டாக்கின் பெயர் இல்லை. அவர் காசு வாங்கியதாக எந்தச் சாட்சியும் எங்கும் சொல்லவில்லை.

துப்பாக்கிச் செய்தி சற்றுச் சிக்கலானது. கடைசிப் படகுகளின் அருகே ஓர் அதிகாரி சுட்டதாகவும், பின் தம்மையே சுட்டுக்கொண்டதாகவும் பிழைத்தோர் சிலர் கூறினர். யூஜின் டேலி என்னும் மூன்றாம் வகுப்புப் பயணியும், ஜார்ஜ் ரைம்ஸ் என்னும் முதல் வகுப்புப் பயணியும் கரையேறிய சில நாட்களுக்குள் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. ஆகவே அப்படியொன்று நடந்திருக்கவே முடியாது என்று அடித்துச் சொல்ல இயலாது. அவ்விரு கடிதங்களிலும் ‘ஓர் அதிகாரி’ என்று இருக்கிறதே ஒழியப் பெயர் இல்லை. 1912இல் பத்திரிகைகள் ஒருநாள் கப்பல் தலைவர் ஸ்மித் சுட்டுக்கொண்டார் என்றன. மறுநாள் மர்டாக் என்றன. லைட்டோலர், பிழைத்த அதிகாரிகள் சார்பில் மர்டாக்கின் மனைவியாருக்கு எழுதிய கடிதத்தில், தாம் அவரைக் கடைசியாகக் கண்டபோது வலப்பக்கத்து மடக்குப் படகை இறக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார் என்றும், கடல் மேலேறி வந்து அவரைக் கொண்டுசென்றது என்றும் தெரிவித்தார். நண்பரின் மனைவியைத் தேற்ற எழுதிய கடிதமாதலால், இதையும் முழுச் சான்றாகக் கொள்ளாதார் உண்டு. அது நியாயமே. ஆக, வரலாறு அறிந்து சொல்லத்தக்கது இவ்வளவே: மர்டாக் தம் பணியில் இருந்தபடி இறந்தார், எப்படி இறந்தார் என்பது உறுதியன்று.

படம் அந்த இருட்டில் விளக்கேற்றிக் காட்டுவதாக எண்ணிக்கொண்டு என்ன செய்தது? கதைத் தலைவியை மணக்க இருக்கும் செல்வன், மர்டாக்கின் சட்டைப் பையில் பணக்கட்டைத் திணிக்கிறான். பிறகு மர்டாக் அதை அவன் முகத்தில் எறிகிறார் என்பது உண்மையே. அடுத்த சில நொடிகளில் முண்டியடிக்கும் பயணியரைச் சுட்டுக் கொல்கிறார். விறைத்து நின்று வணக்கம் செலுத்திவிட்டுத் தம் நெற்றியில் சுட்டுக்கொள்கிறார். பெயரற்ற ஓர் அதிகாரியாகக் காட்டியிருந்தால் எவரும் குறை கூறியிரார். டேலியும் ரைம்ஸும் சொன்னதும் அதுதான். நாயகனுக்கும் நாயகிக்கும் புதுப்பெயர் கண்டுபிடித்த இயக்குநர், கொலைகாரனுக்கு மட்டும் உண்மைப் பெயரை இட்டார்.

இதைப் போன்றதே காவல் மாலுமிகளுக்கு நேர்ந்ததும். பாய்மரக் கூண்டில் நின்ற பிரெடரிக் ஃபிளீட்டும் ரெஜினால்டு லீயும், கீழே காதலர் முத்தமிடுவதைக் கண்டு சிரித்துக்கொண்டிருந்துவிட்டு, நிமிர்ந்து பார்த்தபோது பனிமலையைக் கண்டதாகப் படம் காட்டுகிறது. ஃபிளீட் விசாரணையில், தமக்குத் தொலைநோக்கிக் கண்ணாடி கொடுத்திருந்தால் முன்னதாகவே கண்டிருப்பேன் என்று முறையிட்டவர். பாராக் காத்தவனைப் பராக்குப் பார்த்தவனாக்கிவிட்டார்கள்.

டால்பீட்டி மக்கள் மர்டாக்கை மறந்தவர்களல்லர். அவர் இறந்தபின் ஊரார் பொருள் திரட்டி, நகர மண்டபத்தில் நினைவுக்கல் பதித்ததோடு, உள்ளூர்ப் பள்ளியில் அவர் பெயரால் மாணவருக்கு ஒரு பரிசும் நிறுவினர். ஆண்டுதோறும் அப்பரிசைப் பெறும் பிள்ளை, அப்பெயருக்குரியவரைக் கையூட்டு வாங்கிய கொலைகாரனாகத் திரையில் காணும் நிலையை எண்ணிப் பாருங்கள். தலைமையாசிரியனாகிய எனக்கு, படத்தின் கோடிக்கணக்கான வருமானத்தைவிட அந்தப் பிள்ளைதான் கண்முன் நிற்கிறது. மர்டாக்கின் உடன்பிறந்தார் மகனும் ஊராரும் கண்டனம் தெரிவித்தனர். 1998 ஏப்ரலில் படக் கம்பெனியின் துணைத்தலைவர் ஒருவர் டால்பீட்டிக்கு நேரில் வந்து வருத்தம் தெரிவித்து, அப்பள்ளிப் பரிசு நிதிக்கு 5,000 பவுன் அளித்தார். வந்ததும் கொடுத்ததும் பாராட்டத்தக்கவையே. காட்சி மட்டும் மாறவில்லை. பல ஆண்டுகள் கழித்து இயக்குநரும், பெயருள்ள ஒருவர்மேல் அச்செயலை ஏற்றியபோது அவர் குடும்பத்தார் மனநிலையைத் தாம் எண்ணவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

2012இல், கப்பல் மூழ்கிய நூறாவது ஆண்டில், அப்படம் முப்பரிமாண வடிவில் மீண்டும் வெளிவந்தது. அப்போது ஒரு திருத்தம் செய்தார்கள். கதைத் தலைவி நள்ளிரவில் நீரில் மிதந்தவாறு அண்ணாந்து பார்க்கும் வானத்தில் விண்மீன்கள் அந்நாளுக்கும் அவ்விடத்துக்கும் பொருந்தவில்லை என்று நீல் டிகிராஸ் டைசன் என்னும் அமெரிக்க வானியல் அறிஞர் முன்பே சுட்டிக் காட்டியிருந்தார். கேமரன் அவரிடம் சரியான வானத்தைக் கேட்டுப் பெற்று அக்காட்சியை மாற்றினார். விண்மீன் நிலையைத் திருத்த மனமும் பொருளும் இருந்தன. மர்டாக் கைத்துப்பாக்கியோடு முன்போலவே நின்றார்.

கனடாவின் ஹாலிபாக்ஸ் நகரில், கடலிலிருந்து எடுத்த உடல்களை அடக்கிய இடுகாடு ஒன்று உள்ளது. அங்கு 227ஆம் எண் கல்லில் ‘ஜே. டாசன்’ என்று பொறித்திருக்கிறது. அவர் ஜோசப் டாசன், டப்ளினைச் சேர்ந்தவர், கொதிகலன்களுக்கு நிலக்கரியை அள்ளிச் சேர்க்கும் தொழிலாளி. படத்தின் கற்பனை நாயகனுக்கு ஜாக் டாசன் என்று பெயர். படம் வந்தபின் பெண்கள் கூட்டங்கூட்டமாய் வந்து அக்கல்லின்மேல் மலரும் கடிதமும் வைத்து அழுதார்கள். 85 ஆண்டுகளாகத் திரும்பிப் பார்ப்பாரின்றிக் கிடந்த ஒரு கூலித் தொழிலாளிக்கு மலர் கிடைத்ததே என்று ஒருபுறம் மகிழ்ச்சிதான். ஆனால் அம்மலர் அவருக்கு வைத்ததன்று. கரிப்புகையில் நின்று உழைத்தவர் அங்கேயும் மறைந்தே கிடக்கிறார்.

மறுநாள் அம்மாணவனைக் கூப்பிட்டேன். மர்டாக் யார், எந்த ஊர், எத்தனை படகுகளை இறக்கினார், அவர் பெயரில் பள்ளிப் பரிசு இருப்பது ஏன் என்று அவனுக்கு விளங்கும் அளவில் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தான். “அப்படியென்றால் அந்த ஆள் காசு வாங்கவில்லையா, சார்?” என்று கேட்டான். வாங்கியதாக எவரும் சொல்லவில்லை என்றேன். “சுட்டாரா?” என்றான். தெரியாது என்றேன். இது கேட்ட அவன் முகத்தில் சிறிது ஏமாற்றம் தெரிந்தது. பிறகு இருக்கைக்குப் போய் அந்த மூன்று வாக்கியங்களையும் அடித்துவிட்டு, மேலே வேறு எழுதிக்கொண்டு வந்தான். “மர்டாக் பல படகுகளைக் கடலில் இறக்கினார். அவர் எப்படி இறந்தார் என்று யாருக்கும் தெரியாது” என்று இருந்தது. இம்முறை ‘பயணிகள்’ என்ற சொல்லே அதில் வரவில்லை.